மரம் ஏறி வேலை செய்ய வருகிறீர்களா? கயிறு, ஹார்னஸ், ரம்பம், கீழே நிற்கும் ஆள்

தென்னை ஏறத் தெரிந்தவர்கள் இப்போது வீட்டோரத்து வேம்பையும் மாமரத்தையும் கழிக்கப் போகிறார்கள், மெஷின் ரம்பம் வாங்கினவர்கள் மரம் ஏறப் பழகுகிறார்கள், நகரத்தில் பாறை ஏறும் பயிற்சிக்குப் போன பையன்கள் சிலர் கயிறும் கையுமாக இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். மூன்று தரப்புக்கும் ஏதோ ஒன்று நன்றாகத் தெரியும், ஏதோ ஒன்று சுத்தமாகத் தெரியாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னை மரங்களைச் சாய்த்தபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தோப்புகளைப் புரட்டிப் போட்டபோதும் மரத்தில் ஏறி அறுக்க ஆள் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது, கிடைத்தவர்களிலும் பலர் இடுப்பில் ஒரு துண்டு, துண்டில் செருகிய அரிவாள், அதோடு ஏறினவர்கள்தான். திறமையில் குறை சொல்ல முடியாதவர்கள் அவர்கள். ஆனால் கிளை முறிவதற்கும் ஏறுகிறவர் திறமைக்கும் சம்பந்தமே இல்லை. அதனால் நான் இங்கே சொல்லப்போவது எல்லாம் ஒரே விதியைச் சுற்றித்தான் வரும்: கால் தரையை விட்டதிலிருந்து திரும்பத் தரையைத் தொடும்வரை, ஒரு நொடிகூட உடம்பு மரத்தோடு பூட்டப்படாமல் இருக்கக் கூடாது.

ஏறுவதற்கு முன்

முதலில் மரத்தைச் சுற்றி வாருங்கள், அவசரமில்லாமல், அடியிலிருந்து உச்சிவரை பார்த்துக்கொண்டே. அடியில் தட்டுத் தட்டாகக் காளான் இருக்கிறதா, மண் ஒரு பக்கம் வெடித்துத் தூக்கியிருக்கிறதா, வேர் அறுபட்டிருக்கிறதா (சமீபத்தில் பக்கத்தில் காம்பவுண்டு சுவருக்கோ சாக்கடைக்கோ பள்ளம் தோண்டியிருந்தால் கட்டாயம் கேளுங்கள், அந்தப் பக்கத்து வேர் போயிருக்கும்), தண்டில் விரிசல் ஓடுகிறதா, இரண்டு பெரிய கிளைகள் குறுகலாகச் சேரும் கவையில் பட்டை உள்ளே மடிந்து போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் சுத்தியலாலோ அரிவாளின் முதுகாலோ தண்டைச் சுற்றித் தட்டிக் கேளுங்கள். உள்ளே பொக்கு இருந்தால் சத்தம் மாறும், கொஞ்ச நாள் பழகினாலே காது கண்டுபிடித்துவிடும்.

மரத்துக்கு மரம் குணம் வேறு. புளியும் வேம்பும் நல்ல உயிரோடு இருந்தால் தாங்கும். முருங்கை, கல்யாண முருங்கை, இலவு இவற்றின் கிளைகளை நம்பி எடையைப் போடக் கூடாது, எச்சரிக்கை இல்லாமல் சளக்கென்று விட்டுவிடும். தூங்குமூஞ்சியும் மே ஃபிளவர் மரமும் படர்ந்து நீண்ட கிளை விடுவதால் நுனியில் பாரம் அதிகம், பார்க்கப் பருமனாக இருக்கும் கிளைகூட முறியும். பட்டுப்போன மரம் எதுவாக இருந்தாலும் அது தனி வேலை, புதிதாக வருகிறவர்கள் தொட வேண்டாம், அதற்கு ஏணி வைத்த வண்டியோ கிரேனோதான் சரி.

தென்னையில் பார்க்க வேண்டியது வேறு. தண்டின் அடிப்பக்கத்தில் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடிந்து காய்ந்திருந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம், அடித்தண்டு உள்ளுக்குள் அழுகியிருக்கும். தண்டில் ஓட்டை, ஓட்டையில் மென்று துப்பிய நார் என்றால் சிவப்புக் கூன்வண்டு, அது உள்ளே குடைந்து வைத்திருக்கும் அளவு வெளியே தெரியாது. கொண்டை சிறுத்து, மேலே போகப் போகத் தண்டு பென்சில் முனைபோல ஒடுங்கிய மரத்திலும், இடி விழுந்த மரத்திலும் ஏறாதீர்கள். தோப்புக்காரர் "போன மாசம்கூட ஏறினாங்களே" என்பார். போன மாதம் தாங்கியது என்பதால் இந்த மாதம் தாங்கும் என்று அர்த்தமில்லை.

அப்புறம் பூச்சிகள். எங்கள் டெல்டா பக்கம் கதண்டு என்னும் பெரிய குளவி என்றால் பெரியவர்களே நடுங்குவார்கள், பனையிலும் தென்னையிலும் கூடு கட்டும், கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. மலைத்தேனீ அடையும் அப்படித்தான். மேலே கயிற்றில் தொங்கும் ஆள் ஓட முடியாது, இதை மறக்கக் கூடாது. கீழேயிருந்து பத்து நிமிடம் கொண்டையையும் கிளை மறைவுகளையும் பார்த்தால் பூச்சிகள் போய் வருவது தெரிந்துவிடும், சிலர் பைனாகுலர் வைத்துக்கொள்கிறார்கள், நல்ல பழக்கம். கூடு இருந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். முசுறு எறும்பு ஆளைக் கொல்லாது, ஆனால் கண்ணோரம் கடித்தால் கை தானாகக் கயிற்றை விட்டுவிட்டு முகத்துக்குப் போகும். உடம்பு பூட்டியிருக்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மின்கம்பி

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பச்சைக் கிளையில் மின்சாரம் பாயும். ஈர மூங்கிலிலும் பாயும். அலுமினியத் தொரட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரப்பர் செருப்பும் தோல் கையுறையும் எதையும் தடுக்காது. தெருவில் ஓடும் 11,000 வோல்ட் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட அவசியமில்லை, பக்கத்தில் போனாலே தாவி வரும். அமெரிக்காவில் மர வேலைக்கென்று இருக்கும் இசட்133 என்ற பாதுகாப்பு விதியில், மின்பாதை வேலைக்கென்று தனிப் பயிற்சி பெறாதவர் இத்தகைய கம்பியிலிருந்து 10 அடி தள்ளியே இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். உடம்பு மட்டுமில்லை, கையில் இருக்கும் ரம்பமும், வெட்டினால் ஆடப்போகும் கிளையும் சேர்த்துத்தான் அந்த 10 அடி.

கிளை அதற்குள் இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தித்தான் வேலை. மின்னகம் எண் 94987 94987, இல்லையென்றால் நேரே பிரிவு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள், அதுதான் வேகம். "கரன்ட் போயிருச்சு, சீக்கிரம் வெட்டிருங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால் ஏறாதீர்கள். போன கரன்ட் எந்த நொடியும் வரும், தெருவில் யாராவது ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் அதிலிருந்தும் கம்பிக்கு மின்சாரம் ஏறும். லைன்மேன் வந்து சோதித்து, எர்த் போட்டு, அவர் வாயால் உங்களிடம் சொன்ன பிறகுதான் கால் வைக்க வேண்டும்.

உடம்பில் மாட்டுவது

ஹார்னஸ் என்பது ஆளைக் கயிற்றோடு பூட்ட உடம்பில் மாட்டும் பட்டைக் கச்சை. கட்டட வேலைக்கு விற்கும் முதுகுக் கொக்கி ஹார்னஸைத்தான் பலர் வாங்குகிறார்கள். ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர முத்திரையோடு கிடைக்கும், விழுந்தால் பிடிக்கும், தென்னை ஏறும் இயந்திரத்தோடு பயன்படுத்த அது போதும். கிளை மரத்தில் மணிக்கணக்கில் கயிற்றில் உட்கார்ந்து அறுப்பதற்கு அது உதவாது, ஏனென்றால் முதுகிலிருந்து தொங்கினால் மரம் கைக்கு எட்டாது. இடுப்பையும் தொடையையும் தாங்கி, முன்பக்கம் ஒரு பூட்டுமிடமும் இரண்டு பக்கமும் வளையமும் இருக்கும் மர வேலை ஹார்னஸ் தனியாக வருகிறது. விலை அதிகம். கூட்டுச் சேர்ந்தாவது அதை வாங்குங்கள், மெஷின் ரம்பத்துக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் அது.

ஹெல்மெட்டுக்குத் தாடைப் பட்டை கட்டாயம். அண்ணாந்து பார்த்தாலே கழன்று விழும் மஞ்சள் தொப்பியால் இங்கே பயனில்லை.

கயிறு. ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் விற்கும் மஞ்சள், நீலப் பிளாஸ்டிக் கயிறு உரசலில் சூடாகி உருகும், வெயிலில் நைந்து போகும். விறகுக்கட்டு கட்ட வைத்துக்கொள்ளுங்கள், ஆளைக் கட்டாதீர்கள். ஏறுவதற்கென்று செய்த கயிறு 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமனில், அதிகம் நீளாததாக, குறைந்தது 24 கிலோநியூட்டன் தாங்குவதாக இருக்க வேண்டும். ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய 100 கிலோ எடை. "எனக்கு 70 கிலோதானே, எதற்கு 2,400 கிலோ தாங்கும் கயிறு" என்று கேட்பவர்கள் உண்டு. முடிச்சுப் போட்டாலே கயிற்றின் வலு கணிசமாகக் குறையும், பழசாக ஆக இன்னும் குறையும், விழுந்து நிற்கும்போது வரும் இழுப்பு உங்கள் எடையைப்போலப் பல மடங்கு. நீளம் மர உயரத்தைப்போல இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது, 45 மீட்டர் கயிறு ஒன்று இருந்தால் வீட்டு மரங்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். கயிற்றின் கடைசியில் ஒரு முடிச்சுப் போட்டு வையுங்கள், இறங்கும்போது நுனி நழுவி ஓடிவிடாது.

கொக்கி என்று எதையாவது மாட்டாதீர்கள். கேரபினர் என்னும் பூட்டுக் கொக்கி தானாக மூடித் தானாகப் பூட்டிக்கொள்வதாக, திறக்க இரண்டு மூன்று அசைவு தேவைப்படுவதாக இருக்க வேண்டும், 22 கிலோநியூட்டனுக்குக் குறையாமல். திருகு மூடி உள்ளவை கிளையில் உரசி உரசித் தானாகக் கழன்றுகொள்ளும். கூடவே மூன்று, நான்கு மீட்டரில், நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற இடுப்புக் கயிறு ஒன்று வேண்டும். தண்டைச் சுற்றி இரண்டு பக்க வளையத்திலும் மாட்டுவது இதுதான். மெஷின் ரம்பம் பிடிக்கிறவர்கள் உள்ளே இரும்புக் கம்பி ஓடும் ரகம் வாங்குவது நல்லது, ஆனால் அதையும் ரம்பம் அறுத்துவிடும், கொஞ்சம் தாமதமாக அறுக்கும், அவ்வளவே.

ஒவ்வொரு நாளும் காலையில் கயிறு முழுவதையும் உள்ளங்கையில் ஓட விட்டுப் பாருங்கள். எங்காவது மெத்தென்று இருந்தால், உருகிப் பளபளத்தால், இழை பிரிந்திருந்தால், பெட்ரோலோ பேட்டரி ஆசிடோ பட்டிருந்தால் அது இனி ஆள் ஏறும் கயிறு இல்லை. அழுக்கானால் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள். கிளை இறக்கும் கயிறு ஒன்று, ஆள் ஏறும் கயிறு ஒன்று, இரண்டும் எந்தக் காலத்திலும் கலக்கக் கூடாது. நிறத்தை மாற்றி வாங்கினால் குழப்பமே வராது.

காலில் இரும்பு முள் கட்டி ஏறும் முறையை வீடியோவில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். முழுதாக வெட்டி அகற்றப்போகும் மரத்துக்கு மட்டும் அது. இருக்கப்போகும் மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு காயம். தென்னையில் அந்தக் காயம் மூடவே மூடாது, கிளை மரம்போலப் பட்டை வளர்ந்து மூடும் அமைப்பு அதற்குக் கிடையாது. தண்டில் படி வெட்டி ஏறும் பழக்கமும் இதனால்தான் தப்பு, கூன்வண்டு அந்த வெட்டுக்களைத் தேடி வரும்.

கயிற்றில் ஏறுவது

200 முதல் 400 கிராம் வரை எடையுள்ள சின்ன மணல் பையை மெல்லிய நூல் கயிற்றில் கட்டி, வேண்டிய கவைக்கு மேலாக எறிந்து இறக்க வேண்டும். அதில் பெரிய கயிற்றைக் கட்டி இழுத்தால் கயிறு மேலே போய்விடும், ஆள் இன்னும் தரையில்தான். இந்த முறையின் பெரிய லாபமே இதுதான், முதல் அடியிலிருந்தே மேலே பூட்டியாகிவிட்டது. தேர்ந்தெடுக்கும் கவை பச்சையாக, பெரிய தண்டோடு ஒட்டியதாக, குறைந்தது 10 சென்டிமீட்டர் விட்டம் உள்ளதாக இருக்கட்டும். கயிற்றில் இரண்டு பேர் தொங்கிக் குலுக்கிப் பாருங்கள், கண் கிளையில் இருக்கட்டும், அசைவிலும் சத்தத்திலும் சந்தேகம் வந்தால் வேறு கவை.

ஏறுவதற்கும் நின்ற இடத்தில் பிடித்துக்கொள்வதற்கும் உதவுவது உராய்வு முடிச்சு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் புருசிக் 1931-ல் அறிமுகப்படுத்திய புருசிக் முடிச்சு இன்னும் பயனில் இருக்கிறது, மர வேலையில் பிளேக் முடிச்சும் பரவலாகப் போடுகிறார்கள். எடை விழுந்தால் இறுகும், எடையை எடுத்துக் கையால் தள்ளினால் நகரும். இதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது, தெரிந்தவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும், இரண்டடி உயரத்தில் பல நாள் தொங்கிப் பழக வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு போட வந்த பிறகுதான் மேலே. கற்றுக்கொடுக்க ஆள் இல்லையென்றால் பாறை ஏறும் பயிற்சி நிலையங்களில் கயிற்று வேலையின் அடிப்படையைக் கற்கலாம்.

ஒரு இடத்தில் எல்லோரும் சறுக்குகிறார்கள். கயிறு எப்போதும் தலைக்கு மேலே, இறுக்கமாக இருக்க வேண்டும். கவைக்கு மேலே ஏறிப்போய்விட்டால் கயிற்றில் தொய்வு வரும், அந்தத் தொய்வு அளவுக்கு விழுவீர்கள். இந்தக் கயிறு நீளாத கயிறு என்பதால் ஒரு மீட்டர் விழுந்தாலே இடுப்பும் முதுகெலும்பும் தாங்காத அடி விழும். மேலே போக வேண்டுமானால் முதலில் இடுப்புக் கயிற்றைத் தண்டில் சுற்றிப் பூட்டுங்கள், எடையை அதில் போட்டுப் பாருங்கள், பிறகு பெரிய கயிற்றை அவிழ்த்து அடுத்த கவையில் போடுங்கள், அதில் எடையைப் போட்டுப் பார்த்த பிறகே இடுப்புக் கயிற்றை எடுங்கள். ஒன்றைப் பூட்டாமல் இன்னொன்றை அவிழ்க்காதீர்கள். "இதோ, ஒரு எட்டுதானே" என்று தோன்றும்போது இன்னும் கண்டிப்பாக.

தென்னை

காலுக்குத் தளை போட்டு ஏறுகிறவர்களுக்கு நான் ஏறச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்டைச் சுற்றி ஒரு பட்டையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள். புதிதாக வருகிறவர்களுக்கு இயந்திரம்தான் நல்லது. கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் உருவான நின்று ஏறும் ரகமும், உட்கார்ந்து ஏறும் ரகமும் கிடைக்கின்றன. இரண்டு இரும்புச் சட்டம், இரண்டிலும் தண்டைச் சுற்றி ஒரு கம்பி வடம். ஒன்றில் எடையைப் போட்டு மற்றதை உயர்த்த வேண்டும். தண்டு மேலே போகப் போகச் சிறுக்கும், வடத்தை இடையில் நிறுத்தி இறுக்க வேண்டும், இதை விட்டால் சட்டம் சாயும். இயந்திரத்தில் நிற்கிறோம் என்பதற்காக ஹார்னஸை விடக் கூடாது, தனிப் பட்டை ஒன்று தண்டைச் சுற்றி உங்களோடு ஏறி வர வேண்டும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் கேரளத்தில் தொடங்கிய "தென்னை மரத்தின் நண்பர்கள்" பயிற்சி தமிழ்நாட்டிலும் நடக்கிறது, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் அடுத்த வகுப்பு எப்போது என்று சொல்வார்கள்.

மிகவும் கவனம் வேண்டிய இடம், சட்டத்தை விட்டுக் கொண்டைக்குள் கை நீட்டும் இடம். காய்ந்த மட்டையையோ, பன்னாடை தளர்ந்து பழுக்கத் தொடங்கிய மட்டையையோ பிடித்தால் கையோடு வந்துவிடும். பச்சை மட்டையின் அடியைத்தான் பிடிக்க வேண்டும், அதிலும் முழு எடையைப் போடக் கூடாது. கொண்டைக்குக் கீழே பட்டையை இறுக்கிப் பூட்டிவிட்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். அரிவாளுக்கும் ஒரு கயிறு கட்டி இடுப்பில் மாட்டுங்கள். பனியிலும் மழையிலும் தண்டு வழுக்கும், காய்ந்த பிறகு ஏறலாம், காத்திருப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் காய் தரைக்கு வரும்போது மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கீழே ஹெல்மெட் போட்டவரையும் அது விடாது, அதனால் காய் விழும் வட்டத்துக்குள் யாருமே இருக்கக் கூடாது. "மட்டையைச் சுத்தமாகக் கழித்துவிடுங்கள்" என்று கேட்கும் வீட்டுக்காரரிடம் பச்சை மட்டையை வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். நல்ல மரம் 30, 40 மட்டையோடு நிற்க வேண்டும், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டைதான் புதிதாக விடும், வெட்டினதை ஈடுகட்ட அதற்கு மாதக்கணக்காகும், காய்ப்பும் குறையும்.

அறுப்பது

மணிக்கட்டுப் பருமன் கிளைகளுக்கு வளைந்த கைரம்பமே போதும், இழுக்கும்போது அறுக்கும் ரகம், உறையோடு தொடையில் கட்டிக்கொள்ளலாம். கைரம்பத்தில் அறுக்கும்போதே பெரிய கயிறும் இடுப்புக் கயிறும் இரண்டும் பூட்டியிருக்க வேண்டும், மெஷின் ரம்பம் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தச் சங்கிலி நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மரத்தின் மேல் பிடிப்பதற்கென்று சின்னதாக, பிடி மேலே வைத்து வருவதால் ஒரு கையில் பிடிக்கத் தோன்றும். ஒரு கையில் பிடிக்காதீர்கள். பிளேடின் நுனி மேல்விளிம்பு எதிலாவது பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும், இரண்டு கை இருந்தால்தான் தடுக்க முடியும், தோள் உயரத்துக்கு மேலே தூக்கினால் அதுவும் முடியாது. ஒவ்வொரு அறுப்புக்கு முன்னும் உங்கள் கயிறு எங்கே ஓடுகிறது என்று கண்ணால் பாருங்கள். ரம்பத்தின் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் இடம் மாற வேண்டும். சங்கிலி பட்டால் உள்ளே இருக்கும் நார் அதில் சிக்கி ரம்பத்தை நிறுத்தும் கால்சட்டை, கண்ணாடி, காது மூடி மூன்றும் வேண்டும்.

பெரிய கிளையை ஒரே வெட்டில் எடுத்தால் பாதியில் முறிந்து தண்டின் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு போகும். மூன்று வெட்டாக எடுங்கள். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிக் கீழ்ப்பக்கம் கால் பங்கு ஆழம் முதல் வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது, கிளை விழுந்துவிடும், மிச்சமிருக்கும் முண்டை மூன்றாவது வெட்டில் எடுக்க வேண்டும். அந்த மூன்றாவது வெட்டில்தான் மரத்தை நேசிக்கிறவரையும் காசுக்கு வெட்டுகிறவரையும் பிரித்துப் பார்க்கலாம். கிளை தண்டோடு சேருமிடத்தில் வளையமாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பை வெட்டாமல், அதற்கு வெளியே, முண்டும் விடாமல் வெட்ட வேண்டும். மரம் காயத்தைத் தனக்குள் சுவர் எழுப்பி அடைத்துக்கொள்கிறது என்று அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னார். அந்தச் சுவர் எழும் இடம் இந்தப் புடைப்புதான். அதை வழித்து வெட்டினால் அழுகல் தண்டுக்குள் இறங்கும். வெட்டின இடத்தில் தார், பெயின்ட், எதுவும் பூச வேண்டாம்.

"உச்சியை மொட்டை அடிச்சிருங்க" என்பதுதான் அதிகம் வரும் வேண்டுகோள். மொட்டை அடித்த இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும், அந்தத் துளிர் பட்டையோரத்தில் மட்டும் ஒட்டி வளர்வதால் அடுத்த சில வருடத்தில் காற்றுக்கு முறிந்து அதே கூரை மேல் விழும். இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். ஒரு தடவைக்கு இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

கீழே ஓடு, கார், தண்ணீர்த் தொட்டி என்று இருந்தால் கிளையைக் கட்டி இறக்க வேண்டும். எடையைக் கணக்குப் போடத் தெரிந்துகொள்ளுங்கள்: பச்சை மரம் கிட்டத்தட்ட தண்ணீர் அளவு கனம் என்று வைத்துக்கொண்டால், 30 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு மீட்டர் துண்டு 70 கிலோ வரும். அது ஒரு மீட்டர் சும்மா விழுந்து அடுத்த 20 சென்டிமீட்டருக்குள் சட்டென்று நின்றால் கயிற்றில் வரும் இழுப்பு 400 கிலோவுக்கு மேல், மேலே கப்பி தொங்கும் இடத்துக்கு அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீங்கள் பூட்டியிருப்பதும் அதே மரத்தில்தான். ஆகவே துண்டுகளைச் சின்னதாக வெட்டுங்கள், கீழே இருப்பவர் கயிற்றை அடித்தண்டில் இரண்டு மூன்று சுற்றுப் போட்டு, ஓட விட்டு மெதுவாக நிறுத்தட்டும். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது.

கீழே நிற்பவர்

மேலே இருப்பவருக்குக் கிடைக்கும் மரியாதை கீழே நிற்பவருக்குக் கிடைப்பதில்லை, கூலியும் பாதிதான். அது சரியில்லை. உங்கள் உயிர் அவர் கவனத்தில் இருக்கிறது. இலைக்கு ஆடு வைத்திருப்பவர்கள் வருவார்கள், விறகுக்கு வருவார்கள், பள்ளி விட்டுப் பிள்ளைகள் வருவார்கள், ஒருவர் சைக்கிளை எடுக்க நேரே உள்ளே நடப்பார். இவர்கள் எல்லோரையும் நிறுத்துவது அவர் வேலை, அந்த நேரத்தில் அவர் கிளை பொறுக்கவும் கூடாது, போன் பேசவும் கூடாது. வார்த்தைகளை முன்கூட்டியே பேசிவையுங்கள். மேலேயிருந்து "வெட்டலாமா?", கீழேயிருந்து "வெட்டு", அதுவரை ரம்பம் மரத்தில் படக் கூடாது. பதில் வரவில்லை என்றால் அதற்கு "சரி" என்று அர்த்தமில்லை. மரத்தையே சாய்ப்பதானால் மர உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்கு ஆட்களை நகர்த்துங்கள்.

கீழே நிற்பவருக்கும் ஏறத் தெரிந்திருக்க வேண்டும், அவருக்கும் ஒரு ஹார்னஸ், ஒரு கயிறு தயாராக இருக்க வேண்டும். மேலே ஒருவர் மயங்கி ஹார்னஸில் அசைவில்லாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கி, சில நிமிடங்களிலேயே நிலைமை மோசமாகலாம். 108-க்கும் 101-க்கும் உடனே போன் போட வேண்டியதுதான், ஆனால் அவர்கள் வரும்வரை தொங்க விட முடியாது. பத்தடி உயரக் கிளையில் ஒருவரைத் தொங்க விட்டு இன்னொருவர் ஏறி இறக்குவதை மழைக்கால ஓய்வு நாட்களில் பழகுங்கள். ரத்தப்போக்கை நிறுத்தும் பெரிய கட்டுத்துணியும் இறுக்குப் பட்டையும் கீழே பையில் இருந்தால் பயனில்லை, ஏறுகிறவர் இடுப்பிலேயே இருக்கட்டும். தனி ஆளாக மர வேலைக்குப் போகாதீர்கள், சின்ன வேலையானாலும்.

வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு இறங்கிவிடுங்கள், இடையில் மோரோ நீராகாரமோ குடியுங்கள். முந்தின இரவு குடித்தவரை மரத்திலும் ஏற்றக் கூடாது, கயிற்றையும் பிடிக்க விடக் கூடாது.

புயலுக்குப் பிறகு

சாய்ந்த மரம் செத்த மரம் என்று நினைத்துத்தான் பலர் அடிபடுகிறார்கள். வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளைக்குள் அவ்வளவு இழுவிசை இருக்கிறது. அழுந்தியிருக்கும் உள்பக்கம் முதலில் லேசாக வெட்டி, பிறகு இழுபட்டிருக்கும் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்க வேண்டும், அது எகிறும் திசையில் நீங்கள் நிற்கக் கூடாது. வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும் வேர்த்தட்டு மண்ணோடு படாரென்று பழைய இடத்துக்கே திரும்பி நிற்கும். அந்தக் குழிக்குள் யாரையும், முக்கியமாகக் குழந்தைகளை, இறங்க விடாதீர்கள். கிளைகளுக்கு அடியில் கம்பி கிடந்தால் அதில் மின்சாரம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி, காப்பீடு, கூலி

பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள். சாலையோரத்து மரம், அரசு நிலத்து மரம் என்றால் மாவட்டப் பசுமைக் குழு வழியாகப் போக வேண்டும். வீட்டுக்காரர் "நான் பார்த்துக்கிறேன்" என்றால் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். கிளையில் குஞ்சுள்ள கூடு இருந்தால் சில வாரம் தள்ளிப் போடச் சொல்வது என் வழக்கம், அவசர வேலை தவிர யாரும் மறுப்பதில்லை.

பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவில் வருடத்துக்கு 20 ரூபாய்தான், 18 முதல் 70 வயதுக்குள் வங்கிக் கணக்கு உள்ள யாரும் சேரலாம், விபத்தில் இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம். அது போதாது, ஆனாலும் இன்றைக்கே போடுங்கள், கீழே நிற்பவருக்கும் சேர்த்து. தென்னை ஏறுகிறவர்களுக்கு தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீடு தனியாக இருக்கிறது, பயிற்சி வகுப்பிலேயே விவரம் கேட்டுக்கொள்ளலாம். பனை ஏறுகிறவர்கள் பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கூலி பேசும்போது மரத்தின் உயரத்தை மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள். கீழே என்ன இருக்கிறது, கம்பி எவ்வளவு தூரம், கட்டி இறக்க வேண்டுமா, எத்தனை ஆள், குப்பை யார் அள்ளுவது, இதெல்லாம் சேர்ந்துதான் விலை. கயிறும் ஹார்னஸும் தேய்கிற பொருள் என்பதால் ஒவ்வொரு வேலையிலிருந்தும் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள், இல்லையென்றால் நைந்த கயிற்றை இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம் என்று மனசு சொல்லும். பக்கத்தில் ஒருவர் பாதி விலைக்குக் கயிறில்லாமல் ஏறத் தயாராக இருப்பார். அந்த வேலை அவருக்கே போகட்டும், முடிந்தால் அவரையும் ஒருநாள் உங்கள் கயிற்றில் தொங்கிப் பார்க்கக் கூப்பிடுங்கள்.